பண்டமும் படமும்



நல்ல அரிசி விற்பவன் அரிசியைக் கையில் அள்ளிக் காட்டுவான். தன் அரிசியில் நம்பிக்கை இல்லாதவன் வேறு பேச்சுப் பேசுவான். கணினி விளையாட்டு விளம்பரங்களைக் காணும்பொழுதெல்லாம் எனக்கு இந்த வியாபாரியின் நினைவே வருகிறது.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்னும் விளையாட்டுப் பொறி விற்பனைக்கு வந்தது. காசு போட்டு ஆடும் இவ்வகைப் பொறிகளுள் சந்தைக்கு வந்த முதற்பொறி அதுவே. ராக்கெட்டைச் செலுத்திப் பறக்கும் தட்டுகளைச் சுட வேண்டும், ஆட்டம் அவ்வளவே. ஆயினும், அதன் விளம்பரத் தாளில் பொறியின் அருகே மெல்லிய ஆடை உடுத்த மங்கை ஒருத்தியை நிறுத்தியிருந்தனர். ராக்கெட்டுக்கும் அவளுக்கும் என்ன தொடர்பு?

2009-இல் 'எவோனி' என்றொரு விளையாட்டு இணையத்தில் பரவியது. நகரம் அமைத்துப் படை திரட்டும் ஆட்டம் அது. அதன் விளம்பரங்களில் முதலில் போர்வீரன் நின்றான். நாளடைவில் பெண்ணுருவம் மட்டுமே எஞ்சியது. அதை நம்பி உள்ளே சென்றவர் கண்டவை வயல்களும் சுரங்கங்களுமே!

1996-இல் இங்கிலாந்தில் உருவான 'டூம்ப் ரெய்டர்' நல்ல ஆட்டம். அதன் தலைவி லாரா கிராஃப்ட் தொல்பொருள் ஆய்வில் வல்லவள், அஞ்சா நெஞ்சினள். விளம்பரம் செய்தோர் அவளது அறிவையும் துணிவையும் பின்னே தள்ளி, உடலை முன்னிறுத்தினர். அவளைப் படைத்த டோபி கார்ட், தம் படைப்பு தம் கைவிட்டுப் போனமைக்கு வருந்தி 1997-இல் அந்நிறுவனத்தினின்று விலகினார்.

அவ்வாட்டத்தை விரும்பி ஆடும் என் பேத்தி, பழைய விளம்பரம் ஒன்றைக் கண்டு, "தாத்தா, இது ஆண்பிள்ளைகளுக்காகச் செய்ததோ?" என்று கேட்டாள். நாற்பது ஆண்டுகள் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நான், அன்று சிறிது நேரம் வாய் திறக்கவில்லை.

விளம்பரமும் ஓர் ஆசிரியரே. பெண் என்பவள் பண்டத்துக்கு அலங்காரம் என்று இளைஞனுக்கும், இக்களம் உனக்குரியதன்று என்று இளம்பெண்ணுக்கும் அது கற்பிக்கிறது. அப்பாடத்தைத் திருத்துவார் ஒருவரும் இலர்.

2013-இல் லாராவை நடைமுறைக்கேற்ற உடையுடன், துன்பத்தை எதிர்த்து நிற்கும் இளம்பெண்ணாகப் புதிதாகப் படைத்தனர். 2015-க்குள் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. துணிவுக்கும் சந்தையில் விலையுண்டு என்பது இதனால் புலப்படும்.

ஆகவே, மாணவர்களே, விளம்பரத்தைக் காணும்பொழுது ஒன்று கேளுங்கள்: "இப்படத்தை நீக்கிவிட்டால், பண்டத்தைப் பற்றி இது கூறுவது யாது?" விடை ஒன்றும் இல்லையெனில், பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.