பாலம் வந்தது, பங்கு எங்கே?

(கோவையில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலப் பணி 2018-ல் தொடங்கியது. 2024 ஆகஸ்ட் 9 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். நீளம் சுமார் 3.8 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 481 கோடி ரூபாய். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் போகும் வண்டிகள் கரும்புக்கடை நெரிசலில் சிக்காமல் மேலேயே போய்விடுகின்றன. வரவேற்கிறோம்.

ஆனால் மேலே போகிற வண்டி கீழே உள்ள கடையில் நிற்குமா? பாலத்தடியில் வண்டி நிறுத்த இடம் எது, சாக்கடை எந்தப் பக்கம், தள்ளுவண்டிக்காரர் எங்கே நிற்பது? இவற்றை முடிவு செய்கிற இடத்தில் நாம் இருக்கிறோமா? இதுதான் இன்றைய கேள்வி.

நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2016 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த முதல் 20 ஸ்மார்ட் சிட்டிகளில் கோவையும் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ல்! ஐந்தாண்டுகளுக்கும் மேலாக 100 வார்டுகளில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. பெரியகுளத்துக் கரையும் வாலாங்குளத்துக் கரையும் உருமாறியது அந்தக் காலத்தில்தான். கரை அழகானது, மறுக்கவில்லை. ஆனால் மக்கள் சார்பில் மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்க ஆளில்லை. ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம். அது ஏட்டோடு நின்றது.

சகோதரர்களே, குறை சொல்லிக் கலைந்து போக நாம் இங்கு கூடவில்லை. கதவுகள் இருக்கின்றன, தட்ட வேண்டும். வார்டு குழு, பகுதி சபா விதிகளைத் தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபா கூட்டங்கள் நடந்தன. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை எதுவானாலும் வாக்காளர் நேரில் பேசலாம்.

தெரு வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். கணக்கெடுப்பில் பெயர் இல்லாதவர் எதைக் காட்டி வாதாடுவார்?

ஆகவே இளைஞர்களே, தெருத் தெருவாகச் செல்லுங்கள். வாக்காளர் பட்டியலைச் சரிபாருங்கள். தள்ளுவண்டிக்காரருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வணிகர்களே, பகுதி சபா நடக்கும் நாளில் ஒரு மணி நேரம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வாருங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், தீர்மானத்தில் ஏறியதா என்று பாருங்கள். கட்சி பார்க்காமல், பக்கத்துக் கடை இந்துச் சகோதரரையும் கிறிஸ்தவச் சகோதரரையும் அழைத்து வாருங்கள். சாக்கடை எல்லோர் வாசலிலும்தான் ஓடுகிறது.

பாலத்தை அரசு கட்டித் தந்தது. அதனடியில் நம் பிழைப்பு நிலைக்க வேண்டுமானால், மன்றத்திலும் சபையிலும் நம் குரல் ஒலித்தாக வேண்டும்.