கிஷிவாடாவின் தேர் திரும்பும் தெருமுனை



ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் கண்ணிலிருந்து மறைந்த பின்னரும் விழா நிலைக்குமாயின், அதனைத் தாங்கி நிற்பது எது? இவ்வினாவுடன்தான் ஜப்பானின் கிஷிவாடாத் தேர்விழாவைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

கிஷிவாடா, ஒசாகா மாநிலத்துக் கடலோர நகரம். 1703ஆம் ஆண்டு அதன் சிற்றரசர் ஒகாபே நாகயாசு, நெல்லின் தெய்வமான இனாரியைத் தமது கோட்டையில் எழுந்தருளச் செய்து, விளைச்சல் பெருக வேண்டினார். அதுவே விழாவின் தொடக்கம் என்பது ஊர் மரபு. இன்று தேரோடும் அத்தெருக்களில் கடைகளும் வீடுகளுமே நெருங்கி நிற்கின்றன. எனினும் செப்டெம்பரில் இரு நாள்கள் தேர் ஓடுகிறது.

ஆம், ஓடத்தான் செய்கிறது. 'டன்ஜிரி' எனப்படும் அந்த மரத்தேரின் நிறை ஏறக்குறைய 4 தொன். நூற்றுக்கணக்கானோர் வடம்பிடித்து ஓட்டமாக இழுப்பர். தெருமுனையிலும் வேகம் தணியாது. முன்னே இருவர் கட்டைகொண்டு சில்லைத் தடுக்க, பின்னே பலர் நெம்புகோலைத் தள்ள, தேர் ஒரே வீச்சில் திரும்பும். கூரைமீது விசிறியேந்தித் துள்ளுபவரின் அசைவே, முன்வழி தெரியாத பின்வரிசையினருக்கு வழிகாட்டி.

திருப்பம் பிசகினால் தேர் சுவரில் மோதும், கவிழும். உயிர்கள் பலியானதும் உண்டு. இது வேண்டுமா என்று கேட்பவரை நான் குறைகூறேன். உயிரிலும் விழா பெரிதன்று.

ஆயினும் அத்தேரைச் சற்று நின்று நோக்குங்கள். உடலெங்கும் பழைய போர்க்கதைகள் சிற்பங்களாய் விரிகின்றன. ஓடும் தேரில் அவற்றை எவர் பார்க்கப் போகிறார்? அப்படியிருந்தும் சிற்பி, குதிரையின் பிடரிமயிரில் ஓர் இழையையேனும் குறைக்கவில்லை.

இரவில் காகித விளக்குகள் சூடித் தேர் மெல்ல ஊர்கிறது. அப்போது வடம் சிறுவர் கைகளுக்கும் வருகிறது. இன்று இருளில் மெல்ல நடக்கும் சிறுவனே, நாளை பகலில் நெம்புகோலைப் பற்றுவான்.

நெல் விளைவித்தோர் ஒரே வாய்க்காலின் நீரைப் பங்கிட்டு வாழ்ந்தவர்கள். ஒருவன் தவறினால் ஊரே வாடும் என்பது அவர்கள் கற்ற பாடம். வயல் மறைந்த தெருவில், அந்தப் பாடத்தைத்தான் தேர் இன்னமும் சுமந்து செல்கிறது என்று நான் கருதுகிறேன்.