கொம்பும் காலும்



ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். இங்கே பிறந்த பிள்ளைக்கு வாடை எது, கச்சான் எது, சோழகம் எது என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. காற்று முகத்தில் பட்டதும் சொல்லிவிடுவான். அதே பிள்ளை நான்காம் வகுப்பில், 'கொக்கு' என்ற சொல்லுக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறான். ஊர் அவனை மக்கு என்கிறது. "வீட்டிலே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்" என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். பாசி எடுக்கப் போய், உப்புத் தண்ணீரில் ஊறிய கையோடு வீடு திரும்பும் அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும், ராத்திரித் தூக்கம் போய்விடும்.

அந்த அம்மாவிடம் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அம்மா, உங்கள் வளர்ப்பில் பிழையில்லை. கண், காது, புத்தி எல்லாம் நன்றாக இருந்தும், எழுத்தை ஒலியோடு சேர்க்கும் இடத்தில் சில பிள்ளைகளின் மூளை தடுமாறும். டிஸ்லெக்ஸியா என்று அதற்குப் பெயர். 1896-ல் இங்கிலாந்தில் சீஃபோர்ட் என்ற கடலோர ஊரிலிருந்த மருத்துவர் பிரிங்கிள் மார்கன், இப்படிப்பட்ட 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் எழுதிவைத்தார்.

நம் எழுத்தையே பாருங்கள். 'கொ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது 'க்'. கண்ணில் முதலில் படுவதோ ஒற்றைக்கொம்பு. நடுவில் 'க', கடைசியில் கால். மூன்று துண்டையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க', ஆனால் ஒலி மூன்று. போதாததற்கு ண, ன, ந. பழகிப்போன நமக்கு இது ஒரு பாரமாகவே தெரிவதில்லை.

இதற்கு வழி உண்டு, உங்கள் வாசலிலேயே. ஈர மணலில் விரலால் பெரிதாக எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதித்தான் படித்தார்கள். கண், காது, கை மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் இந்த முறையைத்தான் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்ஹாம் இருவரும் டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்காக ஒழுங்குபடுத்தினார்கள். தினம் பத்து நிமிடம் போதும். உங்களுக்கு எழுத்து வராதென்றால் மூத்த மகள் உட்காரட்டும். திட்டு மட்டும் வேண்டாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பற்றித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்கலாம். அந்தச் சான்றிதழுக்கு முதலில் கண், காது பரிசோதனை, பிறகு உளவியல் பரிசோதனை. ஒரே நாளில் முடியாது. போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். இந்தக் கணக்கை எந்த அலுவலகமும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். பெற்றோருக்கு உதவுவது என்றால் அந்தக் கூலியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் உருவான மதராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இன்று ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கிறது. மண்டபத்தில் சங்கம் கட்டக் காத்திருக்க வேண்டாம். மகளிர் குழுக்கள் இருக்கின்றன. தவணைக் கணக்கு முடிந்ததும், "என் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை" என்று ஒருத்தி வாய்திறந்தால் போதும். இன்னும் இரண்டு பேர் "எங்கள் வீட்டிலும்தான்" என்பார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் ஒருத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், மற்ற இருவருக்கும் அன்றைய கூலி மிஞ்சும்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. வெள்ளிக்கிழமை நீங்கள் கரையில்தான் இருப்பீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை வலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, பையனின் நோட்டுப் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு பரிசோதனைக்காக ராமநாதபுரம் பஸ் ஏறுங்கள். அவனை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். இன்றைக்கு என்ன காற்று என்று கேட்டுக்கொண்டே போங்கள்.