கோப்பின் தலைப்பில் ஒரு பெயர்



சாஃப்ட்வேர் பற்றி ஏதாவது பேசச் சொன்னார்கள். நான் ஒரு வழக்கைப் பற்றிப் பேசப்போகிறேன். கோர்ட் விஷயம் என்றதும் பின்வரிசை எழுந்துவிட வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

யூனிக்ஸ் 1969-இல் ஏ.டி. அண்டு டி.யின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் ஸோர்ஸ் கோடைப் பல்கலைக்கழகங்களுக்கு லைசென்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தவர்கள் அதில் தங்கள் கைவேலையைச் சேர்த்து, பி.எஸ்.டி. என்று வெளியிட்டார்கள். ஆனால் அந்த டேப் வேண்டுமென்றால் முதலில் ஏ.டி. அண்டு டி. லைசென்ஸ் வாங்க வேண்டும். அதன் கட்டணமோ ஏறிக்கொண்டே போனது.

"நாம எழுதினதை மட்டும் தனியாக் கொடுத்தா என்ன?" என்று பெர்க்லியில் யோசித்தார்கள். 1989-இல் நெட்வொர்க் பகுதி மட்டும் வெளிவந்தது. மற்ற யூடிலிட்டிகளையும் புதிதாக எழுத கீத் போஸ்டிக் ஆட்களைத் திரட்டினார். பழைய கோடைப் பார்க்காமல், அச்சில் வந்த விளக்கங்களை மட்டும் வைத்து எழுத வேண்டும். கூலி? பட்டியலில் அவரவர் பெயர். அவ்வளவுதான். 1991-இல் நெட்-2 வெளிவந்தது.

அதை வைத்து பி.எஸ்.டி.ஐ. என்ற கம்பெனி 995 டாலருக்கு ஒரு சிஸ்டத்தை விற்கத் தொடங்கியது. 1992-இல் ஏ.டி. அண்டு டி.யின் துணை நிறுவனமான யு.எஸ்.எல். வழக்குப் போட்டது, பிறகு பல்கலைக்கழகத்தையும் சேர்த்தது.

வேடிக்கை இங்கேதான். அந்தக்கால அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடும் பிரதியில் பதிப்புரிமைக் குறிப்பு இருக்க வேண்டும். 32-வி என்ற பழைய யூனிக்ஸை அந்தக் குறிப்பு இல்லாமலே கொடுத்திருந்தார்கள். 1993-இல் நீதிபதி டெபெவாய்ஸ் இதையும் கருத்தில் கொண்டு, இடைக்காலத் தடை தர மறுத்தார். இன்னொரு பக்கம், "எங்கள் கோடை உங்கள் சிஸ்டம்-5-இல் போட்டுவிட்டு எங்கள் பெயரை விட்டுவிட்டீர்கள்" என்று பல்கலைக்கழகம் எதிர்வழக்குத் தொடுத்தது.

யு.எஸ்.எல்.லை நோவெல் வாங்கிய பிறகு, 1994-இல் சமரசம் ஆயிற்று. நெட்-2-இல் இருந்த சுமார் 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை எத்தனை தெரியுமா? மூன்று! சில கோப்புகளில் சிறு திருத்தம். எழுபது கோப்புகளில் யு.எஸ்.எல். பதிப்புரிமைக் குறிப்பு. இதற்குத்தான் இரண்டு வருஷம். "இதை நம்பி எடுக்கலாமா?" என்று பி.எஸ்.டி. பக்கம் பலர் தயங்கி நின்ற அந்தக் காலத்தில்தான் லினக்ஸ் வளர்ந்தது.

மாணவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ப்ராஜெக்டுக்கு வெளியிலிருந்து கோடு எடுப்பது தப்பில்லை. உரிமம் அனுமதித்தால் தாராளமாக எடுங்கள். மேலே இருக்கும் நாலு வரியை மட்டும் அழிக்காதீர்கள். "கமெண்டுதானே சார், எடுத்தா ப்ரோகிராம் ஓடாதா?" என்று கேட்பீர்கள். ஓடும். கம்பைலர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும், கோர்ட் தாண்டாது. காசு வாங்காமல் எழுதியவனுக்கு அந்த நாலு வரிதான் சம்பளம். அதில் கை வைக்கலாமா?

நீங்கள் சொந்தமாக எழுதினால் பெயரும் வருஷமும் போட்டு எழுதுங்கள்.