சாமைச் சோறும் சீலியாக் சோதனையும்



ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சென்றவர்கள், சரிவுகளில் விளையும் சாமைப் பயிரைக் கண்டிருப்பார்கள். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நெடுநாளைய உணவு அது. அரிசியைப் போலவே சாமையிலும் குளூட்டன் என்னும் புரதம் இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் அது உண்டு. இவ்வேறுபாடு ஓர் இரத்தச் சோதனையின் பொருளையே மாற்றிவிடக் கூடும் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சீலியாக் நோய் உள்ளவர் குளூட்டனை உண்டால், அவருடைய உடலின் தற்காப்பு ஆற்றல் அவருடைய சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து போகின்றன. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியவை தோன்றலாம். கோதுமையே இதற்குக் காரணம் என்பதை ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே 1950-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் விளக்கினார்.

இந்நோயை ஐயுறும் மருத்துவர் முதலில் செய்விப்பது, டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிராக உடலில் தோன்றும் ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளை அளக்கும் சோதனையாகும். சோதனைச்சாலைக்குச் சோதனைச்சாலை அளவுகோல் மாறும். ஆதலின் எண்ணை மட்டும் பாராமல், அதன் அருகே அச்சிட்டுள்ள எல்லையை அது எத்தனை மடங்கு கடந்துள்ளது என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்க வேண்டும். சிலருக்கு இயல்பாகவே ஐ.ஜி.ஏ. மிகக் குறைவு. அவர்களிடம் நோய் இருந்தாலும் முதற்சோதனை 'இல்லை' என்றே காட்டக்கூடும். அவர்களுக்கு ஐ.ஜி.ஜி. வகைச் சோதனை தேவை.

மூன்றாவது செய்தி தாளில் அச்சாவதில்லை. சோதனைக்கு முன் அவர் கோதுமை உண்டு வந்தாரா? குளூட்டனை விலக்கிச் சில மாதங்கள் சென்றால் எதிர்ப்பொருள் குறைந்து, நோயாளியின் தாளும் நலமுள்ளவர் தாளைப் போல் ஆகிவிடலாம். ஆகவே சோதனைக்கு முன்பே தாமாகக் கோதுமையை நிறுத்துவது தவறு.

2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் 23,000-க்கு மேற்பட்ட வயதுவந்தோர் சோதிக்கப்பட்டனர். இவ்வெதிர்ப்பொருள் வட இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 1.2 பேரிடமும், தென்னிந்தியாவில் 0.1 பேரிடமும் காணப்பட்டது. இந்நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறுகளோ இரு பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தன. பெரிதும் வேறுபட்டது அவர்கள் உண்ட கோதுமையின் அளவே.

சாமையும் அரிசியுமே உண்டு வளர்ந்த மலை மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அன்று 'இல்லை' என்று வந்த முடிவு வாழ்நாள் முழுமைக்கும் உறுதியளிப்பதன்று. நகர விடுதியில் நாள்தோறும் சப்பாத்தி உண்ணத் தொடங்கிய பின் தீராத இரத்தசோகை கண்டால், மீண்டும் சோதிப்பதே முறை.

மறுபுறம், நோய் அரிதான நம் பகுதியில், எல்லையைச் சற்றே கடந்த எண் பொய்யாகவும் இருக்கலாம். சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தே பெரும்பாலும் நோயை உறுதி செய்கின்றனர். குழந்தைகளிடம் எண் எல்லையைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருந்து, மற்றோர் எதிர்ப்பொருட் சோதனையும் அதை உறுதி செய்தால், துணுக்கெடுப்பதைத் தவிர்ப்பதும் உண்டு. உறுதியானால் வாழ்நாள் முழுவதும் கோதுமையை விலக்க வேண்டும். எனவே அவசர முடிவு ஆகாது.

இத்தகைய தாள் உங்கள் இல்லத்திற்கு வருமானால், எல்லை எது, மொத்த ஐ.ஜி.ஏ. எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அண்மையில் உண்ட உணவையும் அவரிடம் தவறாது கூறுங்கள்.