மூச்சுப் பெட்டியோடு ஊருக்கு

(நூற்றாண்டு விழாவுக்காக ஊருக்குப் புறப்படுவதற்கு முன்னர், எமது சங்கத்தின் கனடாக் கிளை ரொறன்ரோவில் நடத்திய ஒன்றுகூடலில் 1976 உயர்தர வகுப்பு மாணவிகள் மூவர் சேர்ந்து ஆற்றிய உரை)



'பிரயாணமும் உடல்நலமும்' என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். கால் வீக்கம், சீனி வருத்தத்துக்கான மருந்து, நுளம்புக்கடி பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லுவார்கள். நாங்கள் மூவரும் ஒரேயொரு விஷயம் பற்றித்தான் கதைக்கப் போகிறோம். அது குறட்டை.

சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள். விடுதியில் எங்கள் பக்கத்துக் கட்டில்களில் படுத்தவர்கள் இப்போது ஒருவரையொருவர் பார்ப்பதும் எங்களுக்குத் தெரிகிறது.

எங்கள் மூவருக்கும் நித்திரையில் மூச்சுத் தடைப்படும் வருத்தம் இருக்கிறது. இங்கே அதை ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். படுத்து அயர்ந்ததும் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைபடும். பத்து விநாடி, இருபது விநாடி, சில வேளை அதற்கும் மேலாக மூச்சு நிற்கும். இரத்தத்தில் ஒக்சிசன் இறங்க, மூளை தட்டி எழுப்பும். பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பி வரும். படுத்திருப்பவருக்கு இது ஒன்றும் நினைவிராது. மணித்தியாலத்துக்கு 30 தரமோ அதற்கு மேலோ இப்படி நடந்தால் கடுமையான நிலை என்பார்கள். எங்களில் ஒருத்திக்கு 41. அது தெரியவர முன்னர் அவளுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள், பிறகு மனச்சோர்வு என்றார்கள், கடைசியில் வயது போனால் அப்படித்தான் என்றார்கள். காலைத் தலையிடி, பகல் முழுதும் சோர்வு, அடுப்பில் வைத்ததை மறந்து போவது. இவற்றைத்தான் அவள் போய்ச் சொன்னாள். குறட்டையைச் சொல்லவில்லை. கணவன் குறட்டை விட்டால் மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு வைத்தியரிடம் போவாள். பெண்பிள்ளை குறட்டை விடுவதை யார் வெளியில் சொல்லுவது? மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த வருத்தம் கூடுகிறது என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம். எங்களுக்குத்தான் அறுபது வயது வரை தெரியாமல் இருந்தது.

இதற்கு எங்களுக்குத் தந்த வைத்தியம் ஒரு சின்னப் பெட்டி. சீபாப் என்று பெயர். சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் 1981இல் இந்த வழியை உலகத்துக்குச் சொன்னார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு ஐந்து வருடத்தில் வந்த சாமான். அறையில் உள்ள காற்றையே இழுத்து, அளவான அழுத்தத்தோடு குழாய் வழியாக முகத்தில் கட்டிய மாஸ்க்குக்குள் விடும். அந்தக் காற்று தொண்டை சுருங்கி ஒட்டிப்போகாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும். ஒக்சிசன் சிலிண்டர் என்று சிலர் பயப்படுகிறார்கள். அதற்குள் ஒக்சிசன் கிடையாது, வெடிக்கிற பொருளும் கிடையாது. ஒரு சின்ன விசிறியும் மோட்டரும்தான்.

இனி, நாங்கள் ஏன் இந்த மேடையைக் கேட்டு வாங்கினோம் என்பதைச் சொல்லவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்களில் ஒருத்தியின் அம்மா ஊரில் மோசம் போனார். ரிக்கற் எடுத்து, வேலையிடத்துக்குச் சொல்லி, அவசரத்தில் சூட்கேஸ் அடுக்கியபோது மெஷின் கட்டில் ஓரத்தில்தான் இருந்தது. அதை எடுக்க மறக்கவில்லை. பார்த்துக்கொண்டே விட்டுவிட்டுப் போனாள். செத்த வீட்டில் எல்லோரும் ஹோலிலும் விறாந்தையிலும் பாய் விரித்து வரிசையாகப் படுப்பார்கள். மாமிமார், மச்சாள்மார், ஒன்றுவிட்ட சகோதரிகள். அவர்களுக்கு நடுவில் முகத்தில் மாஸ்க்கைக் கட்டி, யானைத் தும்பிக்கை போல ஒரு குழாயோடு எப்படிப் படுப்பது? இரண்டு கிழமைதானே, சமாளிக்கலாம் என்று நினைத்தாள்.

முதல் இரவே ஒரு பெறாமகள் சத்தம் தாங்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டாள். அதைக் கண்டபின் இவளுக்குப் படுக்கவே பயம். விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே விடிய வைத்தாள். அப்படியே ஒரு கிழமை. எட்டுச் செலவன்று அம்மாவுக்குப் படைத்து, எல்லோரும் தேவாரம் பாடிக்கொண்டிருக்க, சுவரில் சாய்ந்தபடி நித்திரையாகிப் போனாள். வாய் திறந்து, குறட்டையோடு. யாரோ தட்டி எழுப்பினார்கள். "கனடாவிலை இருந்து வந்து தாயின்ரை எட்டிலை நித்திரை கொள்ளுறா" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சொன்னவர் கெட்டவர் அல்ல. இவள் சொல்லியிருந்தால்தானே அவருக்குத் தெரியும்.

அவள் இதை மற்ற இரண்டு பேருக்கும் சொல்ல ஒரு வருடம் எடுத்தது. மேடையில் சொல்லுங்கள் என்று அவளே கேட்டபடியால் சொல்லுகிறோம். மூவரில் யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இன்னொருத்தி செய்த பிழை வேறு விதம். மெஷினைக் கொண்டுதான் போனாள். ஆனால் பெரிய சூட்கேஸில், சேலைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினாள். காரணம் அதே வெட்கம்தான். பாதுகாப்புச் சோதனையில் எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் காட்டவேண்டி வருமே என்று. விமானம் மாறிய இடத்தில் சூட்கேஸ் தங்கிவிட்டது. நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தது. அந்த நாலு இரவும் அவளுக்கு எப்படிப் போயிருக்கும் என்பதை இனி நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே மெஷின் கையோடுதான் வரவேண்டும். உங்கள் கைப்பையின் கணக்கில் அது சேராது. அமெரிக்காவின் விமானப் பயண விதிகளில் இது உதவிக் கருவி என்ற வகையில் வருகிறது, கைப்பொதிகளின் எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது என்று எழுதியே இருக்கிறது. மற்ற இடங்களிலும் பெரும்பாலும் மருத்துவக் கருவி என்று தனியாக விடுவார்கள். என்றாலும் ரிக்கற் எடுத்தவுடன் விமானக் கொம்பனிக்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலை அச்சடித்து வைத்திருங்கள். இங்கிருந்து கொழும்புக்குப் போக இடையில் விமானம் மாறவேண்டும். இரண்டாவது விமானம் வேறு கொம்பனியுடையதாக இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். வைத்தியரிடம் ஒரு கடிதமும் எடுங்கள். வருத்தத்தின் பெயர், மெஷினின் பெயர், அழுத்தத்தின் அளவு மூன்றும் அதில் இருக்கட்டும். மெஷின் ஊரில் பழுதானால், இன்னொன்றை ஒழுங்கு செய்ய அந்த அளவு தேவைப்படும். ஒரு பிரதி பைக்குள், ஒரு பிரதி பிள்ளைகளிடம். அந்தப் பைக்குள் வடகம், மிளகாய்த்தூள் ஒன்றும் வைக்காதீர்கள். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. சாப்பாட்டுச் சாமானும் சேர்ந்தால் அது மருத்துவப் பை அல்ல என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

பாதுகாப்புச் சோதனையில் மெஷினைப் பையிலிருந்து வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லுவார்கள். மாஸ்க்கையும் குழாயையும் அநேகமாகப் பைக்குள்ளேயே விடலாம். தட்டு எத்தனை பேரின் சப்பாத்தைக் கண்டதோ தெரியாது, அதனால் மெஷினை ஒரு சுத்தமான கண்ணாடிப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு வைக்கிறோம். முகத்தில் காற்றடிக்கும் சாமான் அல்லவா? போன முறை நாங்கள் எடுத்து வைத்தபோது, பின்னால் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாவும் தன் பையைத் திறந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

வீட்டை விட்டு வெளிக்கிட முன் தண்ணீர்க் கிண்ணத்தை வெறுமையாக்கித் துடைத்துவிடுங்கள். அதில் தண்ணீர் இருக்க மெஷினைச் சரித்தால் உள்ளே போய்ப் பழுதாக்கிவிடும்.

விமானத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டு படுப்பதா இல்லையா என்பது உங்கள் வைத்தியர் சொல்லவேண்டியது. எங்களில் ஒருத்தி போடுகிறாள். இரண்டு பேர் விழித்திருந்து படம் பார்க்கிறோம். ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பது போல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரமான மலையில் இருப்பது போல இருக்கும். அதாவது நுவரெலியாவில் படுப்பது போல, அல்லது அதற்கும் மேலே. ஒக்சிசன் ஏற்கெனவே குறைந்த இடத்தில், மூச்சு நின்று நின்று வருபவர் நித்திரை கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இப்போது வரும் மெஷின்கள் உயரத்துக்கு ஏற்பத் தாங்களே சரிசெய்யும். பழைய மெஷின் சிலவற்றில் கையால் மாற்றவேண்டும். பாவிப்பதென்றால் 48 மணித்தியாலத்துக்கு முன்னராவது கொம்பனிக்கு அறிவியுங்கள். இருக்கையில் கரண்ட் இருக்கும் என்று நம்பவேண்டாம். மெஷின் போடாமல் இருப்பவர்கள் நித்திரைக் குளிசையும் வைனும் தொடவே வேண்டாம். இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளரப் பண்ணும். எங்கள் வகுப்பில் வைன் குடிப்பவர்கள் யாரும் இல்லை என்று ஆசிரியைகள் இருக்கும் இந்தச் சபையில் சொல்லிக்கொள்கிறோம்.

பற்றரி கொண்டுபோவதென்றால் கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும். அதில் எழுதியிருக்கும் வோல்ற்றை அம்பியர்-மணியால் பெருக்குங்கள். 24 வோல்ற், 4 அம்பியர்-மணி என்றால் 96 வாற்-மணி. 100 வரை கேள்வியில்லை. 100க்கு மேல் 160 வரை கொம்பனியின் அனுமதி வேண்டும், உபரியாக இரண்டுக்கு மேல் விடமாட்டார்கள். உபரி லிதியம் பற்றரியைப் பெரிய சூட்கேஸில் போடவே கூடாது. தீப்பிடித்தால் கீழே பொதிகளுக்குள் கிடப்பதை யாரும் போய் அணைக்க முடியாது என்பதுதான் காரணம். விஞ்ஞான ஆசிரியை இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெருக்கல் சரிதானே, மிஸ்?

ஊரில் இறங்கிய பின் முதற் சோதனை இராத்திரி வான். கட்டுநாயக்காவில் இறங்கியதும் வானில் ஏறி, நித்திரையோடு நித்திரையாக யாழ்ப்பாணம் போய்ச் சேருவதுதான் எங்கள் வழக்கம். ஒரு நாள் முழுக்க விழித்து வந்த உடம்பு அந்த வானில் கழுத்துத் தொங்கத் தூங்கும். நாங்கள் இப்போது நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கி, மெஷினைப் போட்டு ஒழுங்காகப் படுத்து, அடுத்த நாள் வெளிச்சத்தில் போகிறோம். செலவுதான்.

இங்கே கரண்ட் 120 வோல்ற், அங்கே 230. மெஷினின் கரண்ட் பெட்டியில் 100-240 என்று எழுதியிருந்தால் வேறு ட்ரான்ஸ்போமர் தேவையில்லை. பிளக்தான் மாறும். புது வீடுகளில் சதுரக் கால் மூன்று, பழைய வீடுகளில் உருண்டைக் கால் மூன்று. இரண்டுக்கும் ஏற்றதைக் கொண்டுபோங்கள். எங்கள் பழைய வீடுகளில் பிளக் பொயின்ற் கட்டிலுக்குக் கிட்ட இருந்ததே இல்லை, ஆகவே நீட்டு வயரும் வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஊரில் நின்ற எங்களில் ஒருத்தி பற்றரியில்தான் இரவைக் கழித்தாள். தண்ணீர்ச் சூடாக்கியை நிற்பாட்டினால் பற்றரி நீண்ட நேரம் தாங்கும், கரண்டைக் கூடுதலாகக் குடிப்பது அதுதான்.

கிண்ணத்துக்கு வடித்த நீர் சிறந்தது. கிடைக்காவிட்டால் கொதித்தாறிய தண்ணீர் சில நாளைக்குப் போதும். ஆனால் எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தலுக்குள் படியும் அந்த வெள்ளை இதிலும் படியும். கொஞ்சம் வினாகிரி விட்டு ஊறவைத்துக் கழுவினால் போய்விடும்.

இனி விடுதி விஷயம். விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் 'பிள்ளைகள்' விடுதி மண்டபத்தில் மூன்று இரவு தங்கலாம் என்று அதிபர் அனுமதி தந்திருக்கிறார். அந்தச் செய்தி வந்த அன்று லண்டனிலிருந்து எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "நான் வரேல்லை, எனக்கு வசதிப்படாது" என்றாள். நூற்றாண்டு விழாவுக்கு என்று ஐந்து வருடமாகக் காசு சேர்த்தவள். என்ன வசதிப்படாது என்று ஒரு மணித்தியாலம் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவளிடமும் ஒரு பெட்டி இருக்கிறது. முப்பது கட்டில் போட்ட மண்டபத்தில் அதை எப்படி வெளியில் எடுப்பது என்றாள்.

அன்று அவளுக்கு ஒன்றை நினைவுபடுத்தினோம். அந்த மண்டபத்தில் யாராவது குறட்டை விட்டால் மேற்றன் ரோச் லைற்றோடு வர முன்னர் பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் எழும்பிப் போய், அவளை மெதுவாகச் சரித்துப் படுக்க வைப்பாள். விடிந்த பிறகு அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. சரிந்து படுத்தால் மூச்சுத் தடை பலருக்குக் குறைகிறது என்று இப்போது வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். பதினான்கு வயதில் ஒன்றும் தெரியாமலே செய்திருக்கிறோம்.

விழாக் குழுவோடு கதைத்து, மண்டபத்துக் கோடியில் உள்ள பழைய நோயாளர் அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். ஆறு கட்டில், மூன்று பிளக் பொயின்ற். நீட்டு வயர்கள் நாங்கள் கொண்டுவருகிறோம். பற்றரியும் ஒன்று உபரியாக இருக்கும். லண்டன்காரி போன கிழமை ரிக்கற் எடுத்துவிட்டாள். எங்களோடு சேர்த்து நாலு கட்டில் நிரம்பிவிட்டது, மிச்சம் இரண்டு. வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து எங்கள் காதில் சொன்னால் போதும். இரண்டுக்கு மேல் ஆட்கள் வந்தால் பக்கத்து அறையையும் கேட்போம். யன்னல் பக்கத்துக் கட்டில் மட்டும் ஏற்கெனவே போய்விட்டது.