ஜப்பான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: மகளை அனுப்பும் முன்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

மகளை ஜப்பானுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அனுப்பணும், குழுவில் கடன் கிடைக்குமா என்று எங்களிடம் சிலர் கேட்கிறீர்கள். முதலில் வேலையைத் தெரிந்துகொள்வோம்.

அங்கே 2020 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. வகுப்பு ஆசிரியருக்குத் துணையாக வெளிநாட்டவரை வைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இல்லையா, பாட்டு, பட அட்டை, விளையாட்டு என்றுதான் பாடம் போகும். ஜப்பான் மொழியில் பெரும்பாலான சொற்கள் உயிரோசையில் முடியும், 'ல'வும் கிடையாது. அதனால் 'மில்க்' என்பதைப் பிள்ளைகள் 'மிருக்கு' என்பார்கள். நாம 'பஸ்ஸு' என்கிறோமே, அதுபோலத்தான்! மதியம் பிள்ளைகளே பரிமாற, எல்லோரும் வகுப்பறையிலேயே சாப்பிடுவார்கள். மீன், இறைச்சி சகஜம். சைவம் என்றால் முன்பே சொல்லிடணும்.

பட்டப்படிப்பு கட்டாயம் கேட்பார்கள். 1987இல் தொடங்கிய 'ஜெட்' என்ற அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் ஏஜெண்டை நம்பாதீங்க. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பிடித்தால் திருப்பி அனுப்பிடுவாங்க, கடன் மட்டும் நம் தலையில் நிற்கும்.

ஆகவே கடன் மனுவோடு வேலை ஒப்பந்த நகலையும் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை யார் கட்டுவது என்று அதில் இருக்கிறதா எனப் படித்துப் பார்த்தபிறகே தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்.